கட்டுமரம் நின்ன இடம்

அசோக் நகர்ல இருந்து விடியக்காலை நாலு மணிக்குக் கிளம்பி, பாண்டிச்சேரிக்கு வடக்கே இருக்கிற செரினிட்டி பீச்சுக்குப் போனோம். நாலு பேர், ரெண்டு பைக். சர்ஃபிங் கத்துக்கணும்னு பிளான். எனக்கு நீச்சல் தெரியாது, அம்மாகிட்ட சொல்லலை.

சொல்லிக்கொடுத்த அண்ணன் இடுப்பளவு தண்ணியைத் தாண்ட விடலை. அதுலயே கவிழ்ந்து வாய் நிறைய உப்பு. பதினோராவது தடவை மூணு செகண்டு நின்னேன். (வீடியோ எடுக்க ஒருத்தனும் இல்ல.)

கரையில வலை சிக்கெடுத்துக்கிட்டிருந்த தாத்தா, "தம்பி, நீ விழுந்தியே, அங்கதான் எங்க கட்டுமரம் நிக்கும்"னார்.

நான் சிவில். இந்தக் கரையில வருஷத்துல பெரும்பாலான மாசம் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளும். 1980-களின் கடைசியில புதுச்சேரி துறைமுகத்துக்காகக் கடலுக்குள்ள நீட்டின கல்சுவர் அதை மறிச்சது. வடக்கே தந்திராயன்குப்பம் மாதிரி ஊர்கள்ல கரை அரிச்சுது. தடுக்கக் கொட்டின தூண்டில் வளைவும் தன் தெற்குப் பக்கம் மணலைப் பிடிச்சுக்கிட்டு, அரிப்பை இன்னும் வடக்கே தள்ளும். செமஸ்டர்ல இதைப் படம் போட்டு எழுதி முழு மார்க் வாங்கியிருக்கேன். அந்தப் படத்துல நான் குப்பம் எதுவும் வரையலை.

"என்ன படிக்கிற?"ன்னு கேட்டார்.

"இன்ஜினியரிங், தாத்தா."

எந்த டிபார்ட்மென்ட்னு சொல்லலை.