ஏடும் கோப்பும்

பாம்பனின் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டபோது ஊரெல்லாம் அதன் தூக்குப் பகுதியைப் பற்றியே பேச்சு. 72.5 மீட்டர் நீளமுள்ள இரும்புக் கட்டு 17 மீட்டர் மேலெழும்புவது கண்கொள்ளாக் காட்சிதான். நமக்கோ வேறொரு செய்தி மனத்தில் தங்கிவிட்டது. அதை வடிவமைத்தது ஸ்பெயின் நாட்டு டிப்சா நிறுவனம். சரிபார்த்தவை சென்னை, மும்பை ஐ.ஐ.டி.க்கள். கடலில் கால் ஊன்றுமுன் அந்தப் பாலம் எத்தனை கணினிகளைக் கடந்து வந்திருக்கும்! 1914இல் திறந்த பழைய பாலத்துக்கு அந்தக் கவலை இல்லை. காகித வரைபடத்தை எந்த நாட்டுப் பொறியாளரும் விரித்துப் படித்துவிடலாம்.

தமிழ் வாத்தியாருக்கு இதிலென்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இராமநாதபுரத்தில் நம் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். பொறியியல் படித்தவள், இயந்திர உறுப்புகளுக்கு முப்பரிமாண மாதிரிகளை வீட்டிலிருந்தே வரைந்து கொடுத்துப் பிழைக்கிறாள். சென்ற ஆண்டு வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு அவள் அனுப்பிய கோப்பு, ‘திறக்கிறது, ஆனால் எதையும் மாற்ற முடியவில்லை’ என்று திரும்பி வந்தது. அவர்களுடையது வேறு மென்பொருள். மூன்று இரவு விழித்து, அவர்களுடைய மென்பொருளிலேயே முழுவதையும் மறுபடி வரைந்தாள். அதற்குக் கூலி கிடையாது.

“அனுப்பின கோப்பை நானே திறந்து பார்த்தேன் சார். நான் வரைஞ்சதுதான், ஆனா கல்லு மாதிரி கெடக்கு” என்றாள்.

காரணத்தையும் அவளே விளக்கினாள். ஒவ்வொரு மென்பொருளும் தன் கோப்பைத் தனக்கே உரிய முறையில் எழுதுகிறது. இடையில் பொதுமொழியாக 1980இல் ஐஜெஸ் வந்தது. 1994இல் ஸ்டெப் என்னும் உலகத் தரம் வந்தது. ஸ்டெப் கோப்பில் உருவம் போய்ச் சேரும். முதலில் தகடு, பிறகு துளை, பிறகு விளிம்பை மழுக்கியது என்னும் வரிசை பெரும்பாலும் சேராது. துளையை 8 மில்லிமீட்டரிலிருந்து 10 ஆக்க மூலக் கோப்பில் ஓர் எண்ணைத் திருத்தினால் போதும். போய்ச் சேர்ந்த கோப்பில் அந்த எண்ணே இருக்காது. சில வேளை உருவமும் சிதையும். இரு பரப்புகள் சேருமிடத்து நூலிழை இடைவெளியை ஒரு மென்பொருள் பொறுக்கும், இன்னொன்று பொறுக்காது. கெட்டிப் பொருள் வெறும் ஓடாகிவிடும்.

நமக்கு ஏட்டுச்சுவடிகள் நினைவுக்கு வந்தன. அவற்றில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரமா ஏகாரமா என்று தெரியாது. செய்யுளும் உரையும் ஒன்றாக ஓடும். எழுதியவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, ஏட்டில் ஏறவில்லை. உ.வே.சா. போன்றோர் பல பிரதிகளை ஒப்புநோக்கி எழுத்தெழுத்தாக முடிவெடுக்க வேண்டியிருந்தது. இந்தப் பெண் மூன்று இரவு செய்ததும் ஒரு பதிப்பு வேலைதான் என்போம். பதிப்பாசிரியர் பெயராவது அட்டையில் வரும்.

பெரிய இடங்களும் தப்பவில்லை. ஏர்பஸ் ஏ380 விமானத்துக்கு ஹாம்பர்க்கில் கேட்டியா மென்பொருளின் நான்காம் பதிப்பிலும் துலூசில் ஐந்தாம் பதிப்பிலும் வரைந்தார்கள். ஒரே மென்பொருள்தான்! விமானம் ஒன்றுக்குச் சுமார் 530 கிலோமீட்டர் மின்கம்பி. பொருத்தும்போது நீளம் போதவில்லை. 2006இல் விமானங்களை ஒப்படைப்பது தள்ளிப்போனதற்கு இது முக்கியக் காரணம். அந்த நட்டத்தைத் தாங்க அவர்களுக்கு முதுகு இருந்தது.

இப்போது அவள் வேலையை ஏற்குமுன் எந்த மென்பொருள், எத்தனையாம் பதிப்பு, உருவம் மட்டும் போதுமா, பிறகு திருத்துவீர்களா என்று எழுதிக் கேட்கிறாள். அளவு குறித்த வரைபடத்தைப் பி.டி.எஃப். ஆகவும் சேர்த்தனுப்புகிறாள். மறுபடி வரைந்தால் தனிக் கூலி என்று ஒரு வரியும் உண்டு. இரண்டு நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. ஒன்று பதிலே போடவில்லை.