பென்னிகுயிக்கில் ஒரு குயில்

சின்ன வயதில் அந்தப் பெயருக்கு நானாக ஒரு அர்த்தம் வைத்திருந்தேன். பென்னி என்றால் காசு, குயிக் என்றால் சீக்கிரம். சீக்கிரமாகக் காசு புரட்டி முல்லைப் பெரியாறு அணையைக் கட்டியவர், ஆகவே பென்னிகுயிக். தேனிப் பேருந்து நிலையத்துக்கே அவர் பெயர்தான். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்கும் வைப்பார்கள். என் அக்கா பேரனுக்கும் அதே பெயர். பள்ளியில் சேர்ந்த புதிதில் ஒருநாள் கேட்டான்: “தாத்தா, அவங்க ஊர்ல நெறைய பேருக்கு இந்தப் பேர் இருக்குமா?”

பதில் தெரியவில்லை. தேட உட்கார்ந்தேன்.

முதலில் அடிபட்டது ‘இங்கிலீஷ்காரர்’ என்ற நினைப்பு. வெள்ளைக்காரர் எல்லாரையும் அப்படிச் சொல்லியே நமக்குப் பழக்கம். இந்தப் பெயரோ ஸ்காட்லாந்துப் பெயர். எடின்பரோவுக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டரில், பென்ட்லாண்ட் குன்றுகளை ஒட்டி ஓர் ஊர். 1709-லிருந்து நெடுங்காலம் காகித ஆலைக்குப் பேர்போயிருந்த இடம். அந்த ஊர்ப் பெயரே குடும்பப் பெயராயிற்று. நம் சுந்தர ராமசாமியின் ‘சுந்தர’ போல அப்பா பெயரிலிருந்து வந்தது அல்ல, செம்மங்குடி போல ஊர்ப் பெயர்.

அணை கட்டியவர் அந்த ஊரில் பிறந்தவர் அல்ல. 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தார். அவருக்கு எட்டு வயது நிறைய இரண்டே நாள் இருந்தபோது, 1849 ஜனவரி 13 அன்று, சிலியன்வாலாப் போரில் சீக்கியர்களோடு மோதி அப்பா இறந்தார். அதே களத்தில் 17 வயது அண்ணனும் இறந்தான். பெயரைத் தேடிப் போன நான் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

சரி, ஊர்ப் பெயருக்கு என்ன பொருள்? ஆங்கிலம் வருமுன் தெற்கு ஸ்காட்லாந்தில் வழங்கிய மொழி வேல்ஸ் மொழிக்கு நெருங்கிய உறவு. ‘பென்’ என்றால் தலை, குன்றின் உச்சி. ‘கோக்’ என்றால் குயிலினப் பறவை. மொத்தத்தில் குயில்குன்று! நம் கருங்குயில் அல்ல; சாம்பல் நிறம். ஆனால் அடுத்தவர் கூட்டில் முட்டையிடும் குணம் இரண்டுக்கும் ஒன்றே.

இன்னொரு வேடிக்கை. அந்த ஊர்க்காரர்கள் ‘குயிக்’ என்று சொல்வதே இல்லை; ‘பென்னிகுக்’தான். ‘யு’வையும் ‘ஐ’யையும் சேர்த்து எழுதி ஒரே உயிரொலியாகச் சொல்வது ஸ்காட் எழுத்து வழக்கம். ‘பென்னிகுக்’ என்று ஒலிக்கிறபடியே எழுதும் குடும்பங்களும் உண்டு. எழுத்தைப் பார்த்துப் படித்த நாம்தான் தவறாக உச்சரித்தோம். அந்தத் தவறு நம்மைக் குயிலுக்கு ஓரெழுத்துக் கிட்டத்தில் கொண்டுவிட்டது. திருத்த எனக்கு மனமில்லை.

பேரனிடம் சொன்னேன்: அங்கே இது அபூர்வமான குடும்பப் பெயர், அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரும். இங்கே நீ அதற்கு முன்னால் உன் அப்பாவின் இனிஷியலைப் போட்டுக்கொள்கிறாய்.