37 வயசு, 73 ஹோம் ரன்

தலைப்புல இருக்கற ரெண்டு நம்பரும் கண்ணாடியில பார்த்த மாதிரி திரும்பி நிற்பது தற்செயல். ஆனால் அந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்த அமெரிக்கர்களுக்குப் புருவம் உயர்ந்தது தற்செயல் இல்லை. 2001-ல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் பேரி பாண்ட்ஸ் ஒரே சீசனில் 73 ஹோம் ரன் அடித்தார். அந்த ஜூலையில்தான் அவருக்கு 37 வயசு முடிந்திருந்தது. அதற்கு முன்னால் ஆடிய பதினைந்து சீசன்களில் அவருடைய அதிகபட்சம் 49.

பேஸ்பால் தெரியாத மகாஜனங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. ஹோம் ரன்னை நம்ம சிக்ஸர்னு வச்சுக்கங்க. ஆனா ஐபிஎல்ல தெருவுக்கு நாலு கிடைக்குதே, அந்த மாதிரி மலிவான சரக்கு இல்லை. 162 ஆட்டம் இருக்கிற ஒரு சீசனில் 30 அடிச்சாலே பெரிய கை. 40 அடிச்சா மகாராஜா. 1927-ல் பேப் ரூத் 60 அடித்தார். 1961-ல் ரோஜர் மாரிஸ் 61. அந்த 61, முப்பத்தேழு வருஷம் அசையாமல் நின்றது. 1998-ல் மார்க் மெக்வயர் 70, சாமி சோசா 66. மூணே வருஷத்துல பாண்ட்ஸ் 73. முப்பத்தேழு வருஷம் பூட்டிக் கிடந்த கதவு அடுத்தடுத்து மூணு பேருக்குத் திறந்தால் பூட்டு மேல சந்தேகம் வரத்தானே செய்யும்?

வயசு ஏன் இவ்வளவு முக்கியம்னா, மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து அடிப்பவரிடம் வந்து சேர ஏறக்குறைய 0.4 விநாடிதான் ஆகும். அதற்குள் பார்த்து, முடிவெடுத்து, மட்டையைச் சுழற்றி முடிக்கணும். பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்கு இது இருபதுகளின் பிற்பாதியில் உச்சத்தில் இருக்கும். முப்பத்து மூணு, நாலு தாண்டினா கண்ணும் இடுப்பும் தனித்தனியா ராஜினாமா கடிதம் எழுத ஆரம்பிச்சிடும்.

நான் பொட்டி தட்டுற ஆசாமி. எங்க பொழப்புல, ஒரு சர்வரோட கிராஃப் மாசக்கணக்கா மெதுவா இறங்கிட்டே வந்து, ஒரு நாள் காலையில செங்குத்தா ஏறி நின்னா யாரும் லட்டு வாங்கிக் கொடுக்க மாட்டோம். நேத்து ராத்திரி எவன் என்னத்த மாத்தினான்னு லாகைத் தோண்டுவோம். மனுஷ உடம்புல தோண்ட லாக் கிடையாது. இருந்திருக்க வேண்டிய ஒரே லாக் மருந்துப் பரிசோதனை. அதை அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் 2003 வரைக்கும் வைக்கவே இல்லை. 2003-லயும் பேர் வெளியே சொல்லாத ஒரு கணக்கெடுப்புப் பரிசோதனைதான். தண்டனை 2004-ல் வந்தது. சஸ்பென்ஷன் 2005-ல். அதுவும் முதல் தடவை மாட்டினால் வெறும் பத்து நாள்!

மருந்து அடிச்சா மட்டும் பந்து போய் மட்டையில படுமா என்பது அடிக்கடி கேட்கிற வாதம். படாதுதான். ஆனால் கணக்கு வேற மாதிரி வேலை செய்கிறது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் ரோஜர் டோபின் 2008-ல் இதைப் போட்டுப் பார்த்தார். தசை பத்து சதவீதம் கூடினால், அடிபட்டுக் கிளம்பும் பந்தின் வேகம் நாலு சதவீத அளவுக்குக் கூடும். நாலு சதவீதமெல்லாம் ஒரு விஷயமான்னு தோணும். ஆனா வேலிக்குப் பத்தடி முன்னால் கேட்ச் ஆகிக்கொண்டிருந்த பந்தெல்லாம் இப்போது வேலியைத் தாண்டி விழும். ஹோம் ரன் எண்ணிக்கை ஐம்பது சதவீதமோ அதற்கு மேலேயோ ஏறலாம் என்பது அவர் கணக்கு. ஓரத்துல தொங்கிட்டு இருக்கற பந்துகளைத்தான் மருந்து தள்ளி விடுது. இது போக, வயசானவருக்குப் பெரிய வரம், களைத்த உடம்பு அடுத்த நாளைக்குள் தேறிவிடுவது.

எங்க டீம்ல டேட்டாபேஸ் பார்த்துக்கற ஒரு பெரியவர் இருக்கார். வயசு அறுபதைத் தொடுது. பிறந்து வளர்ந்தது சான் பிரான்சிஸ்கோ. நான் சான் ஹோசேவுக்கு வந்த புதுசுல எனக்குப் பேஸ்பால் கத்துக்கொடுத்த குருநாதர். 2007 ஆகஸ்ட் 7-ம் தேதி, பாண்ட்ஸ் தன்னோட 756-வது ஹோம் ரன்னை அடித்து, ஹேங்க் ஆரனின் 755 என்ற சாதனையைத் தாண்டிய ராத்திரி, இவர் தன் மகளோடு மைதானத்தில் இருந்தார். டிக்கெட்டை இன்னும் வைத்திருக்கிறார். எங்கே என்று கேட்டேன். சட்டம் போட்டு மாட்டியிருப்பார்னு எதிர்பார்த்தேன். டிராயர்ல, கார் இன்சூரன்ஸ் பேப்பருக்குக் கீழே.

மாட்டவும் மனசு வரலை, தூக்கிப் போடவும் மனசு வரலை. அவ்வளவுதான் சமாச்சாரம். அன்னிக்கு எழுந்து நின்னு கத்தினது நிஜம், மக அழுதது நிஜம், பந்து பறந்தது நிஜம். அதுக்கடியில எது நிஜம்னுதான் தெரியலைங்கறார்.

அந்தப் பந்துக்கும் ஒரு தனிக் கதை உண்டு. மார்க் எக்கோ என்ற ஆடை வடிவமைப்பாளர் அதை ஏலத்தில் 7,52,467 டாலருக்கு வாங்கினார். வாங்கிவிட்டு, இதை என்ன செய்யலாம்னு ஜனங்ககிட்டயே ஓட்டுக்கு விட்டார். ஜனங்க சொன்னபடி அதில் ஒரு நட்சத்திரக் குறியைப் பொறித்து, கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு அனுப்பி வைத்தார். கம்பெனிக்காரன் விளம்பரத்துல 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது'ன்னு போடுவானே, அதே நட்சத்திரம். பந்துக்கு உள்ளே இடம் கிடைத்துவிட்டது. அடித்தவருக்குக் கிடைக்கவில்லை. 2022-ல், பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போடும் அவரது கடைசி வாய்ப்பில் 66 சதவீதம் வாங்கினார். தேவை 75. அதற்கப்புறம் கமிட்டி மூலமாக வந்த வாய்ப்புகளும் போச்சு. 2025 டிசம்பரில் அவரோட பழைய டீம்மேட் ஜெஃப் கென்ட்டுக்குக் கதவு திறந்தது, அவருக்கு இல்லை.

பாண்ட்ஸ் விஷயத்தில் வெறும் நம்பரை மட்டும் வைத்து யாரும் பேசவில்லை என்பதையும் சொல்லணும். 2003 செப்டம்பரில் பால்கோ என்ற ஆய்வகத்தில் அரசு ரெய்டு நடந்தது. தனக்குக் கொடுத்தது ஆளிவிதை எண்ணெய், மூட்டுவலிக் களிம்பு என்றுதான் நினைத்தேன் என பாண்ட்ஸ் சாட்சியம் சொன்னதாக 2004-ல் பத்திரிகையில் வந்தது. நீதியைத் தடுத்தார் என்று 2011-ல் தீர்ப்பு. 2015-ல் மேல்முறையீட்டில் அதுவும் ரத்து. ரோஜர் க்ளெமென்ஸ் கதையும் கிட்டத்தட்ட இதே ரகம். 2005-ல் 42, 43 வயசில் 1.87 என்ற சராசரியில் பந்து வீசினார். இருபத்தஞ்சு வயசுப் பசங்களே பொறாமைப்படுற நம்பர் அது. 2007 டிசம்பரில் மிட்செல் அறிக்கையில் பேர் வந்தது. மறுத்தார். பொய்ச்சாட்சி வழக்கில் 2012-ல் விடுதலை. கோர்ட்டு விட்டாலும் ஜனங்க விடலை.

எனக்கு இதில் உறுத்துகிற ஆள் பாண்ட்ஸோ க்ளெமென்ஸோ இல்லை. ராவுல் இபான்யெஸ்.

2009. பிலடெல்பியா அணிக்குப் புதுசா வந்தவர். வயசு அதே 37. சீசனின் முதல் இரண்டரை மாதத்தில் 22 ஹோம் ரன். உடனே அச்சிலும் டிவியிலும் பேச்சு கிளம்பிவிட்டது. நான் குற்றம் சொல்லலை, ஆனா இந்தக் காலத்துல யாரை நம்பறது பாருங்க, என்கிற தோரணையில். இந்தத் தோரணை நமக்குப் பழக்கமானதுதான். தெருமுனையில் நின்று, நான் எதுவும் சொல்லலைப்பான்னு ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொல்லிட்டுப் போவாங்களே, அதே ராகம். இபான்யெஸ் கொதித்துப்போனார். ரத்தம், சிறுநீர், முடி, எது வேணும்னாலும் எடுத்துச் சோதிச்சுக்கங்க என்றார். அவர் எந்தப் பரிசோதனையிலும் மாட்டியவர் இல்லை. அதுவரைக்கும் மட்டும் இல்லை, அதுக்கப்புறமும்.

சரி, அந்த 22-க்கு வேற விளக்கம் இருந்ததா? இருந்தது. அதற்கு முந்தின ஐந்து வருஷமும் அவர் ஆடியது சியாட்டிலில். அடிப்பவனுக்கு மாமியார் வீட்டு மைதானம். பிலடெல்பியா மைதானம் அதற்கு நேர் எதிர், அடிப்பவனுக்கு அம்மா வீடு. இன்னொரு பக்கம், லீக்கில் 30 அணி. அணிக்குச் சில பேர் முப்பத்தஞ்சைத் தாண்டினவங்க. அத்தனை பேர் இருக்கும்போது வருஷா வருஷம் யாராவது ஒருத்தருக்கு ஆரம்பம் அமோகமாக அமைவது நிகழ்தகவு விதிப்படி நடந்தே தீரணும். நாம் அந்த ஒருத்தரை மட்டும் கூட்டத்திலிருந்து தனியா இழுத்து நிறுத்தி, எப்படிடா உனக்கு மட்டும்னு கேட்கறோம். குலுக்கல்ல பரிசு விழுந்தவனைப் பிடிச்சு, நூறு பேர்ல உனக்கு மட்டும் எப்படி விழுந்துச்சுன்னு கேட்கற மாதிரி. கடைசியில் நடந்தது, காயம் பட்டு உட்கார்ந்து திரும்பி வந்தவர் அந்த சீசனை 34 ஹோம் ரன்னோடு முடித்தார். அவருடைய வாழ்நாள் அதிகபட்சம்தான், ஆனாலும் மனுஷன் அடிக்கக்கூடிய நம்பர். 2013-ல் 41 வயசில் 29 அடித்து, 1960-ல் டெட் வில்லியம்ஸ் அதே வயசில் அடித்த கணக்கைச் சமன் செய்தார்.

எடுத்தேன்னு நிரூபிக்க ஒரு பாசிட்டிவ் ரிசல்ட் போதும். எடுக்கலைன்னு எத்தனை நெகட்டிவ் வச்சு நிரூபிக்கறது? இந்த இடத்தில் பெரியவர் என்னோடு ஒத்துப்போகமாட்டார். ரஃபேல் பால்மெய்ரோவை இழுத்துவிடுவார். 2005 மார்ச்சில் காங்கிரஸ் விசாரணையில் விரலை நீட்டி, நான் தொட்டதே இல்லைன்னு அடிச்சுச் சொன்னவர். ஆகஸ்ட் 1-ம் தேதி சஸ்பெண்ட். அந்த விரலைப் பார்த்து நம்பினவன்யா நான், இபான்யெஸுக்கு மட்டும் எதுக்கு நம்பணும் என்பார். என்கிட்ட பதில் இல்லாமல் இல்லை. பால்மெய்ரோ செய்ததுக்கு இபான்யெஸ் ஏன் வட்டி கட்டணும்? அவருக்கு அந்தப் பதில் பத்தாது. ஏமாந்தது அவர், நான் இல்லையே.

அதே நேரம் சந்தேகமும் எல்லார் மேலயும் ஒரே மாதிரி விழுவதில்லை. ஹேங்க் ஆரனின் தனிப்பட்ட அதிகபட்சமான 47 வந்தது 1971-ல், அதே 37 வயசில். அட்லான்டா மைதானம் உயரத்தில் இருந்தது உதவியிருக்கலாம். நோலன் ரயன் 1991-ல் 44 வயசில், ஒரு ஹிட் கூட விட்டுக்கொடுக்காத தன் ஏழாவது ஆட்டத்தை வீசினார். கைதட்டினார்களே தவிர எவரும் குப்பி தேடவில்லை. டேவிட் ஓர்டீஸை எடுத்துக்கங்க. 2003 கணக்கெடுப்பில் சிக்கியவர்களில் அவர் பேரும் உண்டு என்று 2009-ல் செய்தி கசிந்தது. அந்தப் பட்டியலில் சில முடிவுகள் சரிதானா என்பதே கேள்விக்குறி, அதுவும் நியாயம்தான். 2016-ல் 40 வயசில் 38 ஹோம் ரன், .315 சராசரி. பாண்ட்ஸ் வெளியே தள்ளப்பட்ட அதே 2022 ஓட்டில், முதல் தடவையிலேயே 77.9 சதவீதம் வாங்கி உள்ளே போனார். ஓர்டீஸ் சிரிச்ச முகம், ஊருக்கே செல்லம். பாண்ட்ஸ் பத்திரிகைக்காரர்களிடம் கடுகடு. ஓட்டுப் போட்டது பத்திரிகைக்காரர்கள். வேறுபாட்டுக்கு இது மட்டுமே காரணம் இல்லை, ஆனால் இது காரணமே இல்லைன்னு யாராவது சொன்னா நான் நம்பத் தயாரில்லை.

இன்னொரு தலைவலி, எது மருந்து எது வைத்தியம் என்பது. முழங்கையில் அறுந்த தசைநாருக்குப் பதிலாக, உடம்பில் வேறு இடத்திலிருந்து எடுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சை 1974-லிருந்து இருக்கிறது. டாமி ஜான் என்ற ஆட்டக்காரருக்கு முதலில் செய்ததால் அவர் பேரே நிலைத்துவிட்டது. ஜஸ்டின் வெர்லாண்டர் அதைச் செய்துகொண்டு திரும்பி வந்து, 2022-ல் 39 வயசில் 1.75 சராசரியோடு சை யங் விருது வாங்கினார். அது தவம். அதே கையில் ஊசி போட்டா பாவம். கோடு எங்கேயாவது போட்டுத்தான் ஆகணும், ஒத்துக்கறேன். ஆனா அது எங்கே ஓடுதுன்னு ஒரு தடவையாவது பார்த்துட்டு அப்புறமா கல்லெடுக்கலாம்.

பர்டோலோ கொலோன் இந்தக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் நின்னவர். 2010-ல் தோளிலும் முழங்கையிலும் ஸ்டெம் செல் சிகிச்சை. 2012-ல் டெஸ்டோஸ்டீரோனுக்காக 50 ஆட்டம் சஸ்பென்ஷன். ஆள் தொந்தியும் தொப்பையுமாக, எங்க ஊர் மளிகைக்கடை அண்ணாச்சி தோற்றத்தில் இருப்பார். பந்து வீசுவதுதான் வேலை, மட்டை பிடிச்சா ஹெல்மெட் கழன்று விழும். 2016 மே 7, சான் டியகோ. வயசு 42. வாழ்க்கையின் முதல் ஹோம் ரன். அந்த வயசில் முதல் ஹோம் ரன் அடித்தவர் லீக் சரித்திரத்தில் வேறு யாரும் இல்லை.

போன வாரம் மதிய சாப்பாட்டு நேரத்தில் அந்த வீடியோவைப் பெரியவருக்குப் போட்டுக் காட்டினேன். சஸ்பென்ஷன் விவகாரம் எல்லாம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கொலோன் நாலு முனையையும் சுற்றி வர அரை நிமிஷம் எடுத்துக்கொண்டார். பெரியவர் கண்ணில் தண்ணி வரச் சிரித்துவிட்டு, இன்னொரு தடவை போடு என்றார்.