போணிப் பிள்ளையார்

திருச்சியிலிருந்து மாமல்லபுரம் வந்த அந்தக் குடும்பத்தில் அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள். டிக்கெட் பெரியவர்களுக்குத் தலைக்கு 40 ரூபாய். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். அப்பா பேரம் பேசாமல் காசு கொடுத்த இடம் அன்று அது ஒன்றுதான்.

ஐந்து ரதங்களைப் பார்த்த மகள் வாய் பிளந்தாள். கல்மேல் கல் வைத்துக் கட்டியதல்ல. பாறையையே மேலிருந்து செதுக்கி, 7-ம் நூற்றாண்டில் பல்லவர்கள் உருவாக்கியவை. 1984-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடம்.

"உளி ஒரு தடவை தப்பாப் பட்டிருந்தா என்னப்பா பண்ணியிருப்பாங்க?" என்றாள். அப்பாவிடம் பதில் இல்லை.

வெளியே வந்தால் வரிசையாகக் கடைகள். சிப்பி மாலை, சங்கு வளையல், சாவிக்கொத்து. ஒரு தார்ப்பாய் நிழலில் இளைஞர் ஒருவர் மாக்கல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உள்ளங்கை அளவில் ஒரு பிள்ளையார்.

"எவ்வளவுப்பா?"

"எழுநூறு சார். ரெண்டு நாள் வேலை."

"இருநூறு."

"கட்டாது சார்."

அப்பா நகர்ந்தார். நாலு அடி போவதற்குள் குரல் வந்தது. "வாங்க சார், மணி பன்னெண்டாச்சு, இன்னும் போணி ஆகல. முந்நூத்தம்பது கொடுங்க."

செய்தித்தாளில் சுற்றிய பிள்ளையாரை வாங்கிக்கொண்டு, "பாத்தியா, பாதி விலை!" என்று அம்மாவிடம் சிரித்தார் அப்பா.

சிரிப்பு பத்துக் கடை தாண்டவில்லை. அங்கே அதே அளவுப் பிள்ளையார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். விலை நூற்றைம்பது.

"ஏமாத்திட்டான்!" அப்பா திரும்பி நடக்கப் பார்த்தார். பாட்டி அவர் கையைப் பிடித்தாள். வரிசையிலிருந்து இரண்டை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"காது மடிப்பு, துதிக்கை வளைவு எல்லாம் ஒண்ணா இருக்கு பாருடா. அச்சு வெல்லம் மாதிரி."

"ஆமா பாட்டிம்மா, கல்லுப்பொடியில அச்சு வார்த்தது. அதான் இந்த விலை" என்று கடைக்காரரே ஒப்புக்கொண்டார்.

அப்பா செய்தித்தாளைப் பிரித்தார். அவர் வாங்கிய பிள்ளையாருக்கு ஒரு காது கொஞ்சம் சின்னது. முதுகில் உளி ஓடிய கோடுகள்.

பாட்டி காந்தி மார்க்கெட்டில் முப்பது வருஷம் கீரை விற்றவள். "அஞ்சு ரூபா கட்டை மூணுக்குக் கேப்பாங்க. விடிஞ்சு வெயில் ஏறியும் போணி ஆகலன்னா கொடுத்துருவேன். அந்தக் காசுலதான் நீ காலேஜ் போனே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

திரும்பி வந்த அப்பாவைப் பார்த்ததும் இளைஞரின் சுத்தியல் நின்றது. "போணிப் பொருள் சார், திருப்பிக் கொடுத்துடாதீங்க."

அப்பா நூற்றைம்பது ரூபாயை நீட்டினார்.

"வேணாம் சார். பேசின விலை பேசினதுதான்."

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அப்பா ஒரு குட்டி யானையை எடுத்தார். "இது எவ்வளவு?"

"இருநூத்தம்பது."

பேசாமல் எண்ணிக் கொடுத்தார். இளைஞர் அவர் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு ஐம்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். "ரெண்டாவது பொருள் வாங்கறீங்க, இருநூறு போதும் சார்."

இப்போது பிள்ளையார் திருச்சி வீட்டு ஷோகேஸில் இருக்கிறார். வருகிறவர்களிடம் அந்தச் சின்னக் காதைக் காட்டி, "கையால செஞ்சது" என்கிறார் அப்பா. விலை கேட்டால் முந்நூற்றைம்பது என்று சொல்கிறார். எழுநூறிலிருந்து குறைத்த கதையை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.