நாலு பேர் அறிய

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் மொய் விருந்து தொடங்கிவிடும். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, நெடுவாசல் என்று தஞ்சையும் புதுக்கோட்டையும் தொட்டுக்கொள்ளும் ஊர்களில் ஆடி, ஆவணி இரண்டு மாதமும் பந்தலுக்குப் பந்தல் கறிக்குழம்பு வாசம்தான். கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. பணம் திரட்டுவதற்காகவே பத்திரிகை அடித்து ஊரைக் கூப்பிடுகிறார்கள். செலவைக் குறைக்கப் பல குடும்பங்கள் ஒரே பந்தலில் சேர்ந்துகொள்வதும் உண்டு. சாப்பிட்டுக் கை கழுவி வருகிறவர் நேராக மொய் எழுதும் மேசைக்குப் போவார். குடும்பத்துக்கு ஒரு மேசை, ஒரு நோட்டு, பணம் போட ஒரு பாத்திரம். ஊர், பெயர், தொகை என்று எழுதுகிறவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவார். பின்னால் நிற்பவர் காதிலும் அது விழும். விழவேண்டும் என்றுதான் அந்தச் சத்தம்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது சாப்பாடோ வசூலாகும் தொகையோ அல்ல. ஒரு வீட்டுக்குப் பணம் தேவைப்படுகிறது என்பதை மறைக்காமல் சுவரில் போஸ்டர் ஒட்டிச் சொல்ல முடிகிறதே, அதுதான். வட்டி கிடையாது. இன்று மொய் செய்தவர் நாளை விருந்து வைக்கும்போது திருப்பிச் செய்யவேண்டும். கொஞ்சம் கூட்டிச் செய்வது மரியாதை. ஒரு குடும்பம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் விருந்து வைக்கலாம் என்பது ஊர்க் கட்டு. போர்வெல் போட்டவர்கள், பிள்ளையை இன்ஜினியரிங் சேர்த்தவர்கள், கடை வைத்தவர்கள் இந்தப் பணத்தில் உண்டு. பத்திரம் இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை. ஊரே கேட்டுக்கொண்டிருந்தது என்பதுதான் சாட்சி.

மொய் விருந்தை நான் அப்படியே தூக்கிப்பிடிக்கவும் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னைகளை வேரோடு சாய்த்தபோது, திருப்பிச் செய்யவேண்டியவர்கள் கையில் காசில்லை. அந்தக் காயம் ஆறுவதற்குள் கொரோனா வந்து பந்தலையே நிறுத்தியது. இரண்டு தடவையும் மொய்யை மட்டும் நம்பியிருந்த குடும்பங்கள் திண்டாடிப் போயின. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஏற்கெனவே செய்தவருக்குத்தான் மொய் வரும். தோப்பில் தேங்காய் உரிக்கிறவருக்கும் நடவுக்குப் போகிறவருக்கும் அந்த மேசையில் நோட்டு கிடையாது. அவர்கள் வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால், அந்த வீட்டு வாசலுக்கு முதலில் வருகிறவர் தண்டல்காரர்தான்.

தண்டல் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கவேண்டும். 10,000 ரூபாய் தண்டல் என்றால் கையில் தருவது 8,500. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டவேண்டும். கூடுதல் 1,500தானே என்று தோன்றும். ஆனால் வாங்கிய மறுநாளிலிருந்தே அசல் திரும்பத் தொடங்கிவிடுகிறது. அந்த 100 நாளில் சராசரியாக நம் கையில் நின்ற பணம், வாங்கியதில் ஏறத்தாழ பாதிதான். வருஷக் கணக்கில் போட்டுப் பார்த்தால் வட்டி நூற்றுக்கு நூறைத் தாண்டிப் போகிறது. கந்து வட்டி, மீட்டர் வட்டி எல்லாம் இதற்கும் மேலே.

இது தெரியாமலா வாங்குகிறார்கள்? தெரியும். காய்கறிக் கடைக்காரிகளுக்கு வட்டிக் கணக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தண்டல்காரர் எதற்கு என்று கேட்கமாட்டார், பேப்பர் கேட்கமாட்டார், சம்பந்தி வீட்டுக்குத் தெரியாது, அண்ணன் தம்பிக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாமல் வாங்கிக்கொள்ளலாம் என்பதற்குத்தான் அவ்வளவு வட்டியும். தவணை தவறிய அன்று, நாம் காசு கொடுத்து வாங்கிய அதே ரகசியத்தை அவர் தெருவில் நின்று கூவுவார். கஷ்டப்பட்டவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. மானத்துக்குப் பயந்தவர்களைப் பிடிக்கவென்றே போட்ட வலை அது.

என் அம்மா பல வருஷம் மகளிர் சுய உதவிக் குழுவில் ஊக்குநராக இருந்தார். அனிமேட்டர் என்றால்தான் ஊரில் புரியும். தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் அரசுத் திட்டமாகத் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்குப் பரவியவை. எங்கள் தெருக் குழு பிள்ளையார் கோயில் மண்டபத்தில் கூடும். வட்டமாக உட்காருவார்கள். முதலில் சேமிப்புப் பணம் நடுவில் வரும். இரண்டு பேர் எண்ணுவார்கள். பிறகு போன கூட்டத்தின் தீர்மான நோட்டை அம்மா வாசிப்பார். யார் எவ்வளவு வாங்கினார், எதற்கு வாங்கினார், எவ்வளவு திருப்பிக் கட்டினார் எல்லாம் வாசிக்கப்படும். அதன் பிறகுதான் புதுக் கடன் பேச்சு.

ஒரு கூட்டம் நன்றாக நினைவிருக்கிறது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஒரு அக்கா கடன் கேட்டார். எதுக்கு என்று அம்மா பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார். அந்த அக்கா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே, "தாலிக்கொடி அடகுல கெடக்குக்கா. மூழ்கிப்போற மாதிரி இருக்கு" என்றார். அன்றைக்குக் கையிருப்பில் ஒருவருக்குத்தான் பணம் இருந்தது. முறையோ இன்னொரு ஆத்தாவுடையது. கையெழுத்துப் போடத் தெரியாத, கைநாட்டு வைக்கிற ஆத்தா அவர். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த ஆத்தா, "அவளுக்கே எழுதுத்தா. எனக்கு அடுத்த மாசம் போதும்" என்றார். அம்மா எழுதினார். அடகு வைத்தது யார், எந்தச் செலவுக்கு என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்துதான் இருக்கும். ஒருவரும் கேட்கவில்லை.

இத்தனை பேர் முன்னால் கேட்கவேண்டியிருந்தும் அந்த அக்காவுக்கு அது அவமானமாக இருக்கவில்லை. கேட்கிறவரும் கொடுக்கிறவரும் ஒரே வட்டத்தில், ஒரே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்குக் கேட்பவர் நாளைக்குக் கொடுப்பவர். நோட்டு நடுவில் திறந்து கிடந்தது.

இப்போது 'குழு' என்று சொன்னாலே எது என்று கேட்கவேண்டியிருக்கிறது. தனியார் மைக்ரோ பைனான்ஸ் நிறுவனங்களும் பெண்களைச் சேர்த்துக் குழுக் கடன் கொடுக்கின்றன. அதில் பெண்களின் சொந்தச் சேமிப்பு இல்லை, அவர்களுடைய தீர்மானமும் இல்லை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும் என்ற பிணை மட்டும் உண்டு. தெருவில் கூடப்பிறந்தவர்கள் மாதிரிப் பழகியவர்கள் அந்தப் பிணையால் பேசிக்கொள்ளாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் விதிகள் வகுத்தது. ஒரு குடும்பம் மாதாமாதம் கட்டும் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் தொந்தரவு கொடுக்கக் கூடாது. எங்கள் தெருவில் இருட்டிய பிறகு பைக் வந்து நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவரவேண்டி வந்தது.

எங்கள் தெருமுனை இட்லிக்கடை அக்கா அந்தப் பைக்குக்குப் பயந்தவர்களில் ஒருவர். வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்து கால் உடைந்து படுத்துவிட்டார். ஒரு இடத்தில் வாங்கி இன்னொரு இடத்தில் கட்டி, கடைசியில் கடையைத் திறக்கவே பயப்படும் நிலை. இப்போது குழுப் பொறுப்பில் இல்லாவிட்டாலும், கஷ்டம் என்றால் அம்மாவிடம் வருகிற பழக்கம் தெருவில் இன்னும் போகவில்லை. ஒரு நாள் பின்வாசல் வழியாக வந்தார். அம்மா அவரை உள்ளே உட்காரவைத்துக் காபி கொடுத்துவிட்டு, காலண்டர் தாளைக் கிழித்துத் திருப்பிப் போட்டார்.

"எத்தனை எடத்துல வாங்கியிருக்க? ஒளிக்காம சொல்லு."

முதலில் இரண்டு என்றார். எழுதிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது வந்தது. பிறகு நகைக்கடன். பிறகு கைமாற்று. அசல், கட்டியது, பாக்கி என்று தாளில் வரிசையாக ஏறியபின், அக்கா முகத்தில் பயம் குறைந்த மாதிரி எனக்குத் தெரிந்தது. ஆறு மாசமாக அவர் மனசுக்குள் ஊதிப்போய்க் கிடந்த தொகை, தாளில் அதைவிடச் சின்னதாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒருவர் வந்து, எல்லாக் கடனையும் அடைத்து ஒரே கடனாக மாற்றித் தருகிறேன், முன்பணம் மட்டும் கொடுத்தால் போதும் என்று அக்காவிடம் சொல்லியிருந்தார். அம்மா அவரைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை. "கூட ஒரு ஆளைக் கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டுப் பாரு" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அக்கா போனில் கேட்டார். அதெல்லாம் வேண்டாம், இந்த விஷயம் யாருக்கும் தெரியவேண்டாம், நீங்கள் மட்டும் வாருங்கள் என்று பதில் வந்தது. அத்தோடு அந்த ஆளை விட்டாயிற்று.

இந்த ஒரு கேள்வியை நான் அதற்குப் பிறகு பல இடங்களில் போட்டுப் பார்த்திருக்கிறேன். அரசு மருத்துவமனை வாசலில், தாலுகா ஆபீஸ் டீக்கடையில், காப்பீட்டு அட்டை வாங்கித் தருகிறேன் என்று நிற்பவர்களிடம் எல்லாம் அது வேலை செய்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரக் கட்டணம் கிடையாது. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. வருமானச் சான்று இ-சேவை மையத்தில் வாங்கினால் 60 ரூபாய், ரசீதோடு. இதற்கு 2,000 கேட்கிறவர் கூட ஆள் வருவதை விரும்பமாட்டார். இ-சேவையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கோ நீங்கள் ஊரையே கூட்டிக்கொண்டு போனாலும் கவலையில்லை. வரிசையில் நில்லுங்கள் என்பார், அவ்வளவுதான்.

அரசு வாசல் எல்லாமே நம்பத் தகுந்தது என்று சொல்லிவிட முடியாது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்து வட்டித் தொல்லையால் ஒரு தகப்பன், தாய், இரண்டு சின்னக் குழந்தைகள் தீயில் கருகினார்கள். நால்வருமே பிழைக்கவில்லை. மனு மேல் மனு கொடுத்தவர்கள் அவர்கள். அதீத வட்டியைத் தடை செய்யும் சட்டம் 2003இலிருந்தே தமிழ்நாட்டில் இருக்கிறது. அவர்கள் எதையும் ஒளிக்கவில்லை. ஊரறியத்தான் கேட்டார்கள், கேட்டும் காது கொடுக்க ஆளில்லை. அதன் பிறகு திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் வாசலிலேயே பையைத் திறந்து மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்தப் பையில் இருக்கும் மனுவையும் அதே அக்கறையோடு பார்க்கவேண்டும் என்று கேட்பது ஒன்றும் அதிகப்படி இல்லை. மனு கொடுப்பவர் தனியாகப் போகக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதும் இதனால்தான். ஒருவர் கொடுத்த மனுவைக் கட்டில் போட்டு மறந்துவிடலாம். பத்துப் பேர் கூடப் போய்க் கொடுத்து ஒப்புகைச் சீட்டும் வாங்கிவிட்டால் மறப்பது கொஞ்சம் கஷ்டம்.

இட்லிக்கடை அக்காவை நாங்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்கு அழைத்துப் போனோம். 1987இல் வந்த சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்ணாக இருந்தாலே இலவசச் சட்ட உதவிக்குத் தகுதி உண்டு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். இது எங்கள் தெருவில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. கோர்ட் என்றதுமே அக்கா, "நான் என்ன தப்பு செஞ்சேன், கோர்ட்டுக்கு வர?" என்று வாசலில் தயங்கி நின்றார். உள்ளே இருந்த சட்டத் தன்னார்வலர் அம்மாவின் காலண்டர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை யார் எழுதுனது? இது போதும்மா" என்றார். அதை வைத்தே மனு தயாரானது. எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று அக்கா கேட்க, ஒன்றும் வேண்டாம் என்றார். அக்கா அதை நம்பாமல் என் முகத்தைப் பார்த்தார்.

நிறுவனத்தின் ஆட்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். கடன் தள்ளுபடி ஆகவில்லை. அக்காவும் அதைக் கேட்கவில்லை. தவணைத் தொகை குறைந்தது, மாதங்கள் கூடின. இருட்டிய பிறகு வந்த பைக் நின்றது. இப்போது பகலில் வந்து ரசீது கொடுத்து வாங்கிப் போகிறார்கள். வீட்டுக்காரர் கம்பு ஊன்றி நடந்து வந்து சட்னி அரைக்கிறார். பாக்கி இன்னும் இருக்கிறது. எவ்வளவு என்று கேட்டால் கல்லாப்பெட்டியில் இருக்கும் நோட்டைத் திறந்து காட்டுவார்.

போன வாரம் நான் கடையில் இருந்தபோது நடவுக்குப் போகிற ஒரு பெண் பார்சலுக்கு நின்றவர், மெதுவாக எதையோ அக்காவிடம் கேட்டார். அக்கா குரலைத் தாழ்த்தவே இல்லை. "நீதிமன்றத்துக்குள்ளதான் ஆபீசு. காசு கேக்க மாட்டாங்க. எல்லா அட்டையும் எடுத்து வை. தனியாப் போகாத, கடை முடிஞ்சதும் நான் வர்றேன்" என்றார்.