மானிப்பாய்: தமிழில் மருத்துவம் படித்த ஊர்

வெள்ளவத்தையில் ஏறிய இரவு பஸ் விடியற்காலையில் எங்களை யாழ்ப்பாணத்தில் இறக்கிவிட்டது. அம்மாவின் கையில் பொலித்தீன் பை ஒன்று. அதற்குள் அவரது பரிசோதனை அறிக்கைகள். கொழும்பில் ஒரு வைத்தியர் அவற்றைப் பார்த்து ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் பேசினார். அம்மாவும் தலையாட்டினார். வெளியே வந்ததும், "என்னவாம் பிள்ளை?" என்று கேட்டார். எனக்கும் பாதிதான் விளங்கியிருந்தது.

அம்மா பிறந்த ஊர் மானிப்பாய். காரைநகர் வீதியில் ஆனைக்கோட்டையைத் தாண்டினால் வந்துவிடும். (ஆனைக்கோட்டை நல்லெண்ணெய் வாங்காமல் திரும்பினால் வீட்டில் ஏச்சு விழும்.) ஊருக்குள் நுழைந்ததும் அம்மா மருதடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போகவேண்டும் என்றார். சித்திரை வருடப்பிறப்பன்று தேரோடும் கோயில் அது. 1910இல் தொடங்கிய இந்துக் கல்லூரியும் இந்த ஊரில்தான் இருக்கிறது.

ஆனால் நான் பார்க்க விரும்பியது கிறீன் ஞாபகார்த்த ஆஸ்பத்திரியை. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மறுவருடம் மானிப்பாயில் வைத்தியப் பணியைத் தொடங்கினார். நோயாளிகளைப் பார்த்ததோடு நில்லாமல் உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவமும் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860களில் தமிழுக்கு மாறினார். ஆங்கிலம் படித்தவர்கள் பட்டணத்து உத்தியோகம் தேடிப் போய்விடுவார்கள், தமிழில் படித்தவர்கள் கிராமத்திலேயே இருந்து வைத்தியம் செய்வார்கள் என்பது அவருடைய கணக்கு.

படிப்பிக்கப் புத்தகம் வேண்டுமே! மாணவர்களின் துணையோடு மொழிபெயர்ப்பில் இறங்கினார். அறுவைச் சிகிச்சைக்கு 'இரணவைத்தியம்', உடற்கூற்றுக்கு 'மனுஷ அங்காதிபாதம்', இரசாயனத்துக்கு 'கெமிஸ்தம்' என்று நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. பெயர்கள் இன்று கரடுமுரடாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் காலத்தில் ஒவ்வொரு எலும்புக்கும் நரம்புக்கும் தமிழில் சொல் தேடுவது சின்ன வேலையா? 1873இல் அமெரிக்கா திரும்பிய பிறகும், 1884இல் மறையும்வரை, இந்த வேலையை அவர் விடவில்லை. தமிழருக்கு வைத்தியம் செய்தவர் என்பதையே தமது கல்லறையில் பொறிக்கச் சொன்னார்.

அவர் வருவதற்கு முன்பே சொற்களைச் சேர்க்கும் பழக்கம் இந்த ஊருக்கு இருந்தது. 1834இல் மிஷன் அச்சுக்கூடம் இங்கே வந்தது. 58,500 சொற்கள் கொண்ட 'மானிப்பாய் அகராதி' 1842இல் வெளியானது. அச்சுப் புத்தகமே அரிதாயிருந்த காலத்தில் ஒரு கிராமத்தின் பெயரால் அகராதி வந்திருக்கிறது.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். கிறீனிடம் மருத்துவம் படித்தவர்கள் ஆண்கள். ஆண் வைத்தியரிடம் உடம்பைக் காட்டக் கூசிய பெண்கள் என்ன செய்வார்கள்? அடுத்த ஊரான இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக மக்லியோட் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது 1898இல்தான். கிறீன் இந்த ஊருக்கு வந்து ஐம்பது வருடம் கழிந்த பிறகு. பெண்களின் நோய்க்கு எப்போதும் பின்வரிசைதான் போலும்!

யுத்தக் காலம் கிறீன் ஆஸ்பத்திரியையும் தளரச் செய்தது. வாசலில் நின்று, இந்தக் கதையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னேன். தான் பிறந்த ஊரில் மருத்துவம் தமிழில் படிக்கப்பட்டது அவருக்கே தெரியாது. "அப்படியெண்டால் எனக்கு மட்டும் ஏன் ஒருத்தரும் தமிழிலை சொல்லேல்லை?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

மாலையில் சின்னம்மா வீட்டுக்கு அயலில் இருக்கும் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் வந்தார். அம்மாவின் அறிக்கைகளை விரித்து வைத்து, எது சிறுநீரகம், எது இரத்தத்தில் உள்ள உப்பு, எதைச் சாப்பாட்டில் குறைக்க வேண்டும் என்று வரி வரியாகச் சொன்னார். அம்மா இடையிடையே மறித்துக் கேட்டார். கொழும்பில் ஒரு கேள்விகூடக் கேட்காத அம்மா! அடுத்த தடவை வைத்தியரிடம் கேட்க மூன்று கேள்விகளைக் கொப்பித் தாளில் எழுதி, மடித்து, அதே பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டார்.