ஆய்வுகூடத்துச் சிறுநீரகமும் எங்கள் கையொப்பமும்

வன்னியின் விவசாயக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சிறுநீரக நோய் புதிதல்ல. 1990களில் அயலிலுள்ள மதவாச்சி, பதவியாப் பகுதிகளில் கவனத்துக்கு வந்த இந்நோய் வவுனியாவிலும் உண்டு. நீரிழிவோ உயர் குருதி அழுத்தமோ இல்லாத, வயலில் பாடுபடும் ஆண்களையே இது கூடுதலாகத் தாக்குகிறது. குடிநீர், விவசாய இரசாயனங்கள், கடும் வெயில் எனப் பலவும் ஆராயப்பட்டும் காரணம் இன்னும் உறுதியாகவில்லை.

என் பணியில் நான் சந்திக்கும் ஓர் அக்கா, போரில் மூத்த மகனை இழந்தவர். இப்போது கணவரைக் குருதிச் சுத்திகரிப்புக்காக வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு திரிகிறார். "பிள்ளை, ஆய்வுகூடத்திலை கிட்னி வளர்க்கினமாம், உண்மையே? இவருக்கும் ஒண்டு கிடைக்குமே?" என்று ஒருநாள் கேட்டார்.

வளர்ப்பது உண்மை. ஆனால் அது உடலில் பொருத்தும் சிறுநீரகம் அல்ல. ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாகா 2006இல் எலியின் தோற்கலங்களையும், 2007இல் மனிதருடையதையும், எந்த உறுப்பாகவும் வளரக்கூடிய ஆரம்ப நிலைக்குத் திருப்பிக் காட்டினார். அத்தகைய கலங்களிலிருந்து 2015இல் மெல்பேர்னில் மெலிசா லிட்டிலின் குழுவினர் சிறுநீரகத்தின் சிறு மாதிரியை வளர்த்தனர். இதை ஓர்கனொயிட் என்பர். சில மில்லிமீற்றர் அளவுதான். சிறுநீர் வெளியேற அதில் வழியில்லை. மருந்துகளைச் சோதிக்கவும் நோயைப் படிக்கவுமே அது உதவுகிறது.

இப்போது இன்னொரு படி. இந்த மாதிரிகளின் படங்களையும் அளவீடுகளையும் செயற்கை நுண்ணறிவுக்குக் கொடுத்து, கணினிக்குள் அவற்றின் 'டிஜிட்டல் இரட்டை'யை அமைக்க முயல்கிறார்கள். தையல் பழகிய சகோதரிகளுக்கு இது விளங்கும். விலைகூடிய துணியை வெட்டமுன் கடதாசியில் வெட்டிப் பார்ப்போமல்லவா? அதுபோல ஒரு மருந்து என்ன செய்யும் என்று முதலில் கணினியில் பார்ப்பது. கடதாசியில் சரியாக வந்தது துணியில் இழுபடுவதும் உண்டு. ஆகவே உண்மையான கலங்களில் மீண்டும் சரிபார்த்தே ஆகவேண்டும். அமெரிக்காவின் மருந்து ஒழுங்குபடுத்தும் நிறுவனமும் 2025 ஏப்ரலில், சில மருந்துகளுக்கு விலங்குப் பரிசோதனையைக் குறைத்து, கணினி மாதிரிகளையும் ஓர்கனொயிட்களையும் பயன்படுத்தும் திட்டத்தை அறிவித்தது.

சமூகவியல் படித்த எனக்கு எழும் கேள்வி வேறு. அந்தக் கலங்கள் யாருடையவை? அவை ஒருவரின் தோலிலிருந்தோ குருதியிலிருந்தோதான் வருகின்றன. அவற்றிலுள்ள மரபுத் தகவல் அவருடைய பிள்ளைகளையும் பற்றியது. 1951இல் அமெரிக்காவில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினத் தாயின் புற்றுநோய்க் கலங்களை அவருடைய சம்மதமின்றி எடுத்தார்கள். அவை உலகெங்கும் ஆய்வுகளுக்குப் போயின. அவருடைய குடும்பம் அதை அறிந்தது 1970களில்தான். அக்கலங்களால் இலாபம் பெற்ற ஒரு நிறுவனத்துடன் 2023இல்தான் குடும்பத்தினர் இணக்கத்துக்கு வந்தனர்.

முகாமிலும் மீள்குடியேற்றத்திலும் காணாமற்போனோர் பதிவிலும் எத்தனை படிவங்களில் நாங்கள் கையொப்பமிட்டோம்! எதற்கென்று கேட்கத் தயங்கியே பலர் ஒப்பமிட்டோம். உடலின் கலத்தைக் கொடுப்பதற்கு அந்தத் தயக்கம் வேண்டாம்.

ஆய்வுக்கென்று யாராவது குருதி கேட்டால் கொடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. காரணம் தெரியாத எங்கள் நோய்க்கு ஆய்வு தேவை. ஆனால் தமிழில் விளக்கம் கேளுங்கள். எதற்கு எடுக்கிறார்கள், எங்கே அனுப்புவார்கள், எத்தனை காலம் வைத்திருப்பார்கள், முடிவை எங்களுக்குச் சொல்வார்களா, மறுத்தால் சிகிச்சை பாதிக்குமா என்று கேளுங்கள். படிவத்தின் பிரதியொன்றை வாங்கி, அடையாள அட்டையுடன் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.